சைலன்சருக்குள் இருக்கும் அந்தத் தட்டுக்குத் தமிழில் என்ன பெயர்?

அனைவருக்கும் வணக்கம்.

ஸ்போர்ட்ஸ் காரின் சைலன்சரை மாற்றியமைப்பது பற்றிய ஒரு விளக்கப் படத்துக்குத் தமிழில் வசன வரி எழுதிக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை மாலைக்குள் அனுப்பியாக வேண்டும். ஒரே ஒரு சொல் வழிமறிக்கிறது. புகைக்குழாய்க்குள் ஒரு தட்டு இருக்கிறது. அது மூடியிருந்தால் புகை சைலன்சரின் அறைகளைச் சுற்றிக்கொண்டு அமைதியாக வெளியே வரும். திறந்தால் நேர்வழியில் பாய்ந்து கார் உறுமும். எப்போது எப்படி என்பதை ஓட்டுபவரே பொத்தானை அழுத்தி மாற்றிக்கொள்ளலாம். படத்தில் வருபவை 2006 கார்வெட் இசட்06, அப்புறம் 2018 மஸ்டாங். 'வால்வு பொருத்திய புகைவெளியேற்று அமைப்பு' என்று எழுதிப் பார்த்தேன். வரிக்கு 40 எழுத்துதான் இடம். படம் நெடுக இந்தச் சொல் வருகிறது. பார்த்த நொடியில் புரிகிற சொல்லாகக் கொடுங்கள்.

– செ., சென்னை

*

அம்மா, வால்வுக்கு 'ஓரதர்' என்று கலைச்சொல் பட்டியல்களில் ஏற்கெனவே இருக்கிறது. 'ஓரதர்ப் புகைபோக்கி' என்று வைத்து முடித்துவிடலாம். இருக்கும் சொல்லை விட்டுவிட்டு ஒவ்வொரு முறையும் புதிதாகத் தொடங்குவதால்தான் எதுவும் நிலைப்பதில்லை.

– ம., திருச்சி

*

அன்புடையீர்,

ஓரதர் இங்கே பொருந்தாது. அதர் என்றால் வழி. 'ஆக்கம் அதர்வினாய்ச் செல்லும்' என்கிற குறளை நினைவில் கொள்ளுங்கள். ஓர் அதர், ஒரே வழி. திரும்பிப் போகவிடாமல் ஒரு பக்கமாக மட்டும் விடும் வால்வுக்கு அது அருமையான சொல். அம்மா சொல்லும் தட்டோ புகைக்கு இரண்டு வழி தருகிறது. ஆகவே ஈரதர் என்பதே முறை. உயிர் முன் வந்தால் இரு என்பது ஈர் ஆகும். ஈராயிரம், ஈருருளி போல.

ஆனால் என் மனம் நிற்பது வேறொரு சொல்லில்: தூம்பு. உள்துளை உடைய குழாய்க்குத் தூம்பு என்று பெயர். ஏரியிலிருந்து நீர் திறந்துவிடும் வழிக்கும் தூம்பு என்று பெயர். ஊதி இசைக்கும் ஒரு கருவிக்கும் அதே பெயர். மலைபடுகடாத்தில் கூத்தர் சுமந்து செல்லும் கருவிகளில் 'களிற்றுயிர்த் தூம்பு' வருகிறது, யானை பெருமூச்சு விடுவது போல ஒலிக்கும் தூம்பு. குழாய், திறப்பு, முழக்கம் மூன்றும் ஒரு சொல்லுக்குள் அமைந்து கிடக்கும்போது நாம் ஏன் வெளியே தேட வேண்டும்? 'முழவுத்தூம்பு' என்று வைக்கலாம். முழவு என்னும் தோற்கருவிப் பெயரை இங்கே முழங்குதல் என்ற வேர்ப்பொருளில் கொள்ள வேண்டும். முழை, முழங்கு, முழவு மூன்றும் உட்குழிவைக் குறிக்கும் ஒரே வேரிலிருந்து வந்தவை என்பது என் துணிபு. இதைத் தனி மடலில் விரித்து எழுதுகிறேன்.

– புலவர் அ., தஞ்சாவூர்

*

எல்லாருக்கும் வணக்கம். நான் ரொறன்ரோவில் ஒரு கராச்சில் வேலை செய்கிறேன். கையில் பிடித்துக் கழற்றிய சாமான் என்பதால் இரண்டு விஷயம் சொல்ல வேண்டும்.

ஒன்று, இது சத்தத்தைக் கூட்டும் கருவி இல்லை. இசட்06-இல் 7 லிட்டர் வி8 எஞ்சின், 505 குதிரைத் திறன். நிமிடத்துக்கு 3000 சுற்றில் ஓடும்போது எஞ்சினுக்குள் எரிபொருள் நொடிக்கு 200 முறை வெடிக்கும். அந்த வெடிப்போடு, அதன் அடிப்படை ஒலிக்கு மேலே எழும் கூர்மையான மேற்சுரங்களும் சேர்ந்து வரும். அறைகள் அந்த மேற்சுரங்களைத்தான் முதலில் விழுங்கும். தட்டு திறந்தால் அவையும் வெளியே வரும். அதனால் ஒலியின் குணமே மாறுகிறது. 'ஒலிகூட்டி' என்ற மாதிரிப் பெயர் வைத்துவிடாதீர்கள்.

இரண்டு, கம்பனி இதை வெறும் ஆசைக்கு வைக்கவில்லை. மெதுவாகப் போகும்போது சத்தம் அடங்கியிருக்க வேண்டும், வேகம் எடுக்கும்போது, புகை வெளியேறத் தடையாகும் பின்னழுத்தம் குறைய வேண்டும். இசட்06-இல் வெற்றிட விசைதான் தட்டை மூடிவைக்கிறது. அதனால்தான் சொந்தக்காரர்கள் அதற்குரிய ஃபியூஸைப் பிடுங்கிவிடுகிறார்கள். தட்டு திறந்தே நிற்கும். கொஞ்சம் காசு செலவழிப்பவர்கள் ரிமோட் போடுவார்கள். மஸ்டாங்கில் மோட்டார் இருக்கிறது, நான்கு நிலை.

– த.

*

ஐயா, தூம்பு எவ்வளவு அழகான சொல் என்பதை மறுக்கவில்லை. ஆனால் எங்கள் பக்கம் தூம்பு என்றால் சாக்கடை நீர் போகும் குழாய். வகுப்பில் அந்தச் சொல்லைச் சொன்னால் பாடம் அதோடு முடிந்தது. ஈரதரும் அப்படித்தான். என் மாணவர்கள் 'ஈரமான அதர்' என்றுதான் படிப்பார்கள், அதர் என்றால் என்ன என்று அடுத்து கேட்பார்கள்.

தொழிற்பயிற்சி நிலையத்தில் மோட்டார் மெக்கானிக் பாடம் எடுக்கிறேன். பையன்கள் பாதிப் பேர் விவசாயக் குடும்பம். நான் கரும்பலகையில் படம் போட்டு, 'இது மதகு' என்றேன். அதற்கு மேல் விளக்கவே இல்லை. கொஞ்சம் திறக்கலாம், பாதி திறக்கலாம், முழுதாகத் திறக்கலாம், எல்லாம் அந்த ஒரு சொல்லில் வந்துவிட்டது. அக்கா, 'மதகு சைலன்சர்' என்று போடுங்கள். சைலன்சரைத் தமிழாக்க வேண்டாம், அது ஊரறிந்த சொல்.

கூடவே ஒன்று. நம் ஊரில் சைலன்சரை மாற்றி விதியை மீறிச் சத்தம் எழுப்பினால், 2019 திருத்தத்துக்குப் பிறகு, மோட்டார் வாகனச் சட்டத்தின் பிரிவு 190(2)-இன்படி 10,000 ரூபாய் வரை அபராதமோ மூன்று மாதம் வரை சிறையோ கிடைக்கலாம். படத்தின் வசன வரியில் இடமிருந்தால் சேருங்கள். புல்லட் வைத்திருக்கும் பையன்கள் பார்ப்பார்கள்.

– கு., கோவை

*

தம்பி, புரிதல் முதன்மை என்றால் நாம் பேருந்து என்ற சொல்லையே பெற்றிருக்க மாட்டோம். பஸ் எல்லாருக்கும் புரிந்துதான் இருந்தது. ஒரு சொல் முதல் நாளில் அயலாகத்தான் தெரியும். சாக்கடைக்குப் போய்விட்ட சொல்லை மீட்பதும் நம் கடமைதான். மதகு நல்ல தமிழ், ஏற்கிறேன். பக்கத்தில் சைலன்சரை ஒட்டுவதைத்தான் ஏற்க முடியவில்லை. சைலன்சருக்கு அடக்கி என்று கொண்டு 'மதகடக்கி' என்றாவது வையுங்கள்.

– புலவர் அ.

*

மதகடக்கி என்றால் மதகை அடக்குவது என்று பொருள் வருகிறதே ஐயா? நான் ஓரதரை விட்டுக்கொடுக்கிறேன். மதகு எனக்குச் சம்மதம்.

– ம.

*

இடையில் ஒரு கேள்வி. அந்த மஸ்டாங்கில், விடியற்காலையில் வண்டியை எடுக்கும்போது தெரு விழித்துக்கொள்ளாமல் இருக்க ஒரு ஏற்பாடு உண்டு. எந்த மணியிலிருந்து எந்த மணி வரை அடங்கித் தொடங்க வேண்டும் என்று முன்கூட்டியே வைத்துவிடலாம். நல்ல பக்கத்து வீட்டுக்காரர் என்று அதற்குச் செல்லப்பெயர். அதை என்ன சொல்வது?

– செ.

*

'அயல்நலம்' எப்படி? எங்கள் ஊரில் பக்கத்து வீட்டை அயல் என்றுதான் சொல்லுவோம்.

– த.

*

அயல்நலம் அருமை. அப்படியே எடுத்துக்கொள்கிறேன். வியாழன் இரவு பதினொரு மணி ஆகிவிட்டது. மதகு சைலன்சர் என்று எழுதி, முதல் முறை வரும் இடத்தில் மட்டும் ஒரு வரி விளக்கம் சேர்த்து அனுப்புகிறேன். புலவர் ஐயா பொறுத்தருள வேண்டும்.

– செ.

*

பொறுத்துக்கொள்கிறேன் அம்மா. ஒன்றை மட்டும் பதிவில் வையுங்கள். மதகை மூடினால் நீர் நின்றுவிடும். இங்கே தட்டை மூடினாலும் புகை நிற்பதில்லை, இன்னொரு வழியே போகிறது. அந்த இரண்டாம் வழி மதகில் இல்லை. ஈரதரில் இருந்தது.

– புலவர் அ.

*

ஏரி நிறைந்தால் மிகுநீர் வழியும் கலிங்கு வழியே போகுமே ஐயா.

– கு.

*

போகும். அப்படியானால் கலிங்கும் சொல்லுக்குள் வர வேண்டும், தம்பி. நாளை எழுதுகிறேன்.

– புலவர் அ.