பாலை, முதிரை மரங்களைக் கிழிக்க எந்த வாள் வாங்கலாம்?

மாங்குளத்திலிருந்து கேள்வி:
வணக்கம். சிறிய தச்சுப் பட்டறையில் கதவு, யன்னல் நிலைகள் செய்து கொடுக்கிறேன். இதுவரை மரக்காலையிலேயே அரிவித்து எடுத்த இரண்டு அங்குலப் பாலை, முதிரைப் பலகைகளை இனிப் பட்டறையிலேயே நீளவாட்டில் கிழிக்க விரும்புகிறேன். கையிலுள்ள பணம் ஓர் இயந்திரத்துக்கே போதும். மேசைக்கு மேல் வட்ட அலகு சுழலும் மேசை வாள் வாங்குவதா, நாடா போன்ற அலகு ஓடும் பட்டை வாள் வாங்குவதா? கிறைண்டரில் மர அலகு பூட்டிச் சமாளிக்கலாம் என்றும் சிலர் சொல்கிறார்கள். மருமகனும் என்னிடம் வேலை பழகுவதால், பாதுகாப்பைப் பற்றியும் விளக்கினால் உதவியாக இருக்கும்.

கிளிநொச்சியிலிருந்து பதில்:
தம்பி, கிறைண்டர் யோசனையை இப்போதே கைவிடுங்கள். நாலரை அங்குலக் கிறைண்டர் நிமிடத்துக்கு ஏறத்தாழ 11,000 தடவை சுற்றும். பல் மரத்தில் கௌவிய கணத்தில் அது கையை உதறிக்கொண்டு பாயும். அந்த வேகத்தைத் தாங்குமாறு பல மர அலகுகள் செய்யப்படுவதுமில்லை.

நிலைச் சட்டங்களை ஒரே அளவில் நேராகக் கிழிப்பதற்கு மேசை வாளே பொருத்தம். 10 அங்குல அலகில், நீளவாட்டுக்கு 24 பல்லும் குறுக்கு வெட்டுக்கு 60 பல்லும் வைத்திருங்கள். 60 பல் அலகால் பாலையைக் கிழித்தால், பற்களுக்கிடையே தூள் அடைத்து, அலகு சூடேறி, வெட்டுமுகம் கருகிவிடும்.

வாங்கும்போது, அலகின் பின்னால் அதனோடு சேர்ந்து ஏறி இறங்கும் பிரிப்புத் தகடு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அது இல்லாவிட்டால், முறுக்கேறிய பலகையைக் கிழிக்கையில் வெட்டு பின்னால் மூடிக்கொண்டு அலகை நெரிக்கும். மேலெழும் பின்பற்கள் பலகையைத் தூக்கி, நிற்பவரின் வயிற்றை நோக்கி எறியும். நிமிடத்துக்கு 4,000 சுற்றில் 10 அங்குல அலகின் விளிம்பு நொடிக்கு 50 மீற்றருக்கு மேல் ஓடுகிறது என்பதால், விலகிக்கொள்ள அவகாசமே கிடைக்காது. ஆகவே தகட்டையும் மேல் மறைப்பையும் கழற்றாதீர்கள். அலகுக்கு நேரே நிற்காமல் சற்று ஒதுங்கி நின்று, ஒடுங்கிய துண்டுகளைத் தள்ளுகோலால் தள்ளுங்கள். கையுறை வேண்டாம், பல்லில் சிக்கினால் கையையும் இழுத்துவிடும். அதே காரணத்துக்காக, மருமகன் சாரத்தோடு வாளடிக்கு வரக்கூடாது.

புதுக்குடியிருப்பிலிருந்து பதில்:
ஐயா சொன்னவற்றோடு நம் பகுதிக்கே உரிய ஒன்றைச் சேர்க்க வேண்டும். 2009இல் போர் முடியுமுன் இங்கே நின்ற மரங்கள் பலவற்றுக்குள் செல் துண்டுகளும் துப்பாக்கிச் சன்னங்களும் இன்னும் கிடக்கின்றன. வட்ட அலகின் காபைட் பல் அவற்றில் மோதினால் உடைந்து தெறிக்கும். மரப்பட்டை ஆறி மூடியிருப்பதால் வெளியே எதுவும் தெரியாது; ஆனால் சீவிய முகத்தில் நார்வாட்டில் நீலங்கலந்த கறுப்புக் கோடு ஓடினால், இரும்பு மரச்சாற்றோடு சேர்ந்து விட்ட கறையா என்று சந்தேகியுங்கள். கையடக்க உலோகம் காட்டும் கருவியால் ஒவ்வொரு பலகையையும் இரு பக்கமும் தடவிப் பார்த்தபின் வாளில் வையுங்கள். வெடிக்காத செல் போல முழு உருவில் ஏதாவது தென்பட்டால் தோண்டாமல் பொலிஸாருக்கு அறிவியுங்கள்.

பட்டை வாளில் வெட்டு விசை கீழ்நோக்கி மேசையில் விழுவதால் பலகை பின்னெறியாது, மரச் சேதமும் குறைவு. எனினும் வெட்டுமுகத்தைச் சீவியே ஆகவேண்டும். வளைந்த வேலை அதிகமில்லாவிட்டால் நானும் மேசை வாளையே சொல்வேன்.

மாங்குளத்திலிருந்து:
இருவருக்கும் மிக்க நன்றி. பிரிப்புத் தகடுள்ள மேசை வாளையே பார்க்கிறேன். இங்கே மின்சாரம் அடிக்கடி நின்று வருகிறது. அதற்கு என்ன செய்யலாம்?

கிளிநொச்சியிலிருந்து:
மின்சாரம் மீண்டதும் தானாக ஓடத் தொடங்காமல், பச்சைப் பொத்தானை அழுத்தினால் மட்டுமே இயங்கும் காந்த ஆளியுள்ள வாளாக வாங்குங்கள். மின்சாரம் நின்றிருந்தாலும் அலகில் கை வைப்பதற்கு முன் பிளக்கைக் கழற்றுங்கள். முதிரைத் தூள் சிலருக்குத் தோலில் அரிப்பையும் கொப்புளத்தையும் உண்டாக்கும்; கண்ணாடியும் முகமூடியும் இருவருக்கும் வேண்டும்.