சொட்டு மருந்துக்கும் பாணிக்கும் ஒரே அளவா?

உவர்மலைத் தாய்:
பத்துக் கிலோகிராம் எடையுள்ள என் மகனின் காய்ச்சலுக்குப் பரசிட்டமோல் பாணி 6 மில்லிலீற்றர் கொடுக்குமாறு வைத்தியர் கூறினார். பாமசியிலோ பாணி முடிந்துவிட்டதென்று சொட்டு மருந்தைத் தந்தார்கள். அதிலும் 6 மில்லிலீற்றர் கொடுக்கலாமா?

சிறுவர் விடுதித் தாதி:
வேண்டாம், தங்கச்சி. வழக்கமான பாணியில் 5 மில்லிலீற்றருக்கு 120 மில்லிகிராம் மருந்து இருக்கையில், சில சொட்டு மருந்துகளில் ஒரு மில்லிலீற்றரிலேயே 100 மில்லிகிராம் இருக்கும். ஒரு தடவைக்குக் கிலோவுக்கு 15 மில்லிகிராம் என்று கணக்கிட்டால் மகனுக்கு 150 மில்லிகிராம், அதாவது அத்தகைய சொட்டு மருந்தில் ஒன்றரை மில்லிலீற்றர் மட்டுமே. ஆறு கொடுத்தால் நான்கு மடங்காகிவிடும். அது ஈரலைப் பாதிக்கக்கூடியது. முதலில் லேபிளைப் படித்து, அளவை வைத்தியரிடமோ மருந்தாளரிடமோ உறுதிசெய்யுங்கள். தேக்கரண்டியால் அல்ல, ஊசியில்லாத சிறிஞ்சால் அளவுங்கள். ஆறு மணித்தியால இடைவெளியில், 24 மணித்தியாலங்களில் 4 தடவைக்கு மேல் வேண்டாம்.

கிண்ணியா வாசகர்:
மழைக்காலத்தில் இங்கு டெங்கும் பரவுவதால் இபுப்ரோபன், அஸ்பிரின் இரண்டையும் தவிர்த்து, மூன்றாம் நாளும் காய்ச்சல் தொடர்ந்தால் இரத்தப் பரிசோதனை செய்யுங்கள்.

உவர்மலைத் தாய்:
லேபிளில் 100 என்றே உள்ளது, அக்கா. சிறிஞ்சில் ஆறுவரை நிரப்பி வைத்திருந்ததை இப்போதுதான் கொட்டினேன், வைத்தியரை அழைக்கிறேன்.