"பேசுறேன்" பிழை, "கதைக்கிறேன்" சரியா?

ஹட்டன்பொண்ணு:
ஒரு விஷயம் மனசப் போட்டு அரிச்சிக்கிட்டே இருக்கு, அதான் எழுதுறேன். எங்க ஊரு மலையகத்துல ஹட்டன் பக்கம் ஒரு தேயிலத் தோட்டம், கல்யாணம் முடிச்சி கொழும்பு வெள்ளவத்தைக்கு வந்து ஒம்பது வருஷமாச்சு, மக ரெண்டாம் ஆண்டு படிக்கிறா. போன கெழம வகுப்புல "அம்மாயிகூட போன்ல பேசுனேன்"னு சொல்லியிருக்கா, டீச்சர் எல்லாப் புள்ளைங்க முன்னாலயும் "அது தோட்டத்துத் தமிழ், கதைச்சனான் எண்டு சொல்லு"ன்னு திருத்தியிருக்காங்க. வீட்டுக்கு வந்து கேக்குறா, அம்மாயி ஏன்மா பிழையா பேசுறாங்கன்னு. முப்பது வருஷம் கொழுந்து பறிச்ச மனுஷி, தெனம் ராத்திரி பேத்தி கொரல கேக்கத்தான் போன் எடுக்கிறாங்க. நான் என்ன பதில் சொல்ல?

கொக்குவிலான்:
பிள்ளை, எல்லாருக்கும் முன்னால அப்பிடிச் சொன்னது பிழைதான், அதில ரெண்டாம் கதை இல்லை. ஆனா திருத்தினதே பிழை எண்டு நான் சொல்ல மாட்டன். 95 ஒக்டோபர் கடைசியில சண்டையால யாழ்ப்பாணத்தை விட்டு இடம்பெயரேக்க நாவற்குழிப் பாலத்தாலதான் வந்தனாங்கள், வீடு வளவு எல்லாம் விட்டிட்டு. கையோட கொண்டுவரக்கூடியதா இருந்தது வாயில இருந்த பேச்சு ஒண்டுதான். என்ரை மகன் கொழும்பில பிறந்தவன், அவனுக்கு "உது" எண்டா, கேக்கிற ஆளுக்குக் கிட்ட இருக்கிறது எண்டு தெரியாது. அது, இது, உது எண்டு மூண்டும் பழந்தமிழில இருந்தது, தமிழ்நாட்டுப் பேச்சில இப்ப உது இல்லை, எங்கட சனம் இன்னும் வச்சிருக்கு. இஞ்ச பிள்ளையள் சீரியல் பாத்து சீரியல் மாதிரித்தான் கதைக்குதுகள். பள்ளிக்கூடமும் விட்டிட்டா பேந்து ஆர் சொல்லிக் குடுக்கிறது?

கொட்டாஞ்சேனை13:
நான் சொல்றது ரெண்டு பேருக்கும் பிடிக்காம போகலாம். கொழும்புல தமிழ் ஆள் முதல் படிக்கிறதே சத்தத்த குறைக்கத்தான். சின்ன வயசுல 100ஆம் நம்பர் பஸ்ல ஏறினதும் அம்மா காதுக்குள்ள சொல்லுவா, அப்பாவ அப்பான்டு கூப்பிடாதன்டு. அம்மான்டு கூப்பிட்டா பிரச்சினையில்ல, சிங்களத்துலயும் அம்மாதான், ஆனா அப்பாவுக்கு அங்க தாத்தா, அந்த ஒரு சொல்லுதான் காட்டிக்குடுக்கும். 83 கலவரத்துல வாளிய தூக்கிக் காட்டி இது என்னன்டு கேட்டு, சிங்களத்துல "பால்திய" என்டு சரியா சொல்ல வராதவன அடிச்சத பெரியாக்கள் சொல்லிக் கேட்டிருப்பீங்க. அடிச்சவன் நீ ஹட்டனா கொக்குவிலான்டு கேக்கல. அதால பிள்ளைக்கு நல்லா சிங்களமும் இங்கிலீசும் படிப்பிச்சிட்டு, தமிழ ஊர் வாடை இல்லாம பேச பழக்குங்க.

மாளிகாவத்தை நானா:
ஊர் வாடை இல்லாத தமிழ் எங்க இரிக்கி தம்பி? எங்கட ஊட்டுல உம்மா, வாப்பா, புள்ளைகள் எல்லாம் தமிழ்தான், நான் படிச்சதும் தமிழ் மீடியம். சென்சஸ்ல முஸ்லிமான நாங்க சோனகர், தமிழர் வேற. அதுல எனக்கு வருத்தமில்ல, நாங்களும் எங்கள அப்படித்தான் செல்றோம், பாஷை ஒன்டுங்கிறதுக்காக ஆளும் ஒன்டாகணும்டு இல்ல. ஆனா ஒரு ஆஸ்பத்திரி கவுண்டர்ல நான் தமிழ்ல கேக்க, உள்ளுக்கு மத்தவங்களோட தமிழ்ல பேசிக்கிட்டிருந்த அதே பிள்ளை என்ட தொப்பிய பாத்திட்டு சிங்களத்துல பதில் சென்னிச்சு. அதுதான் இன்னும் சுடுது. 87 இல அரசியலமைப்புக்கு 13ஆம் திருத்தம் வந்து தமிழும் அரச கரும மொழியாச்சு, இன்னும் எனக்கு ஒரு கந்தோர்ல (ஆபீஸ்ல) இருந்து தனிச் சிங்களத்துலதான் கடிதம் வருது. அதுக்கு சத்தம் போடுறத விட்டுட்டு நாங்க ஆளாள் வாய திருத்திக்கிட்டு இரிக்கோம்.

ஹட்டன்பொண்ணு:
கொக்குவில் அண்ணே, உங்க தமிழ் அழகுதான், அது சாகக்கூடாதுன்னு நானும்தான் நெனைக்கிறேன். ஆனா "கதை" வடமொழியில இருந்து வந்த சொல்லு. மார்கழியில கோயில்ல பாடுற திருவெம்பாவையில "பேசும்போது"ன்னுதானே வருது? கதிரை, அலுமாரி, சப்பாத்து, பாண் எல்லாம் போர்த்துக்கீசச் சொல்லு, நானா சொன்ன கந்தோர் ஒல்லாந்தர் விட்டுட்டுப் போனது, அதையெல்லாம் எந்த டீச்சரும் திருத்துறதில்ல. எங்க பெரட்டுக்களமும் "பெரேட்"ங்கிற இங்கிலீசுல இருந்து வந்ததுதான், விடியக்காலையில ஆளுங்கள நிப்பாட்டி வேலை பிரிச்சிக் குடுக்கிற எடம், அத சொன்னா மட்டும் சிரிக்கிறாங்க. சொல்லப் பாத்து யாரும் சிரிக்கல, யாரு வாயில இருந்து வருதுன்னு பாத்துத்தான் சிரிக்கிறாங்க. 1948 குடியுரிமைச் சட்டத்தால எங்காளுங்க நாடில்லாதவங்க ஆனாங்க, 2003லயும் இன்னும் மிச்சமிருந்தவங்களுக்காக ஒரு சட்டம் போட வேண்டியிருந்திச்சி, அத செஞ்சது அரசாங்கம். ஆனா எங்கள எளக்காரமா கூப்பிடுற "தோட்டக்காட்டான்" தமிழ் வார்த்தைதானே அண்ணே?
கொட்டாஞ்சேனை அண்ணே, பஸ்ல பயந்து சத்தத்த குறைச்சது எனக்கும் புரியுது. தமிழ் பள்ளிக்கூடத்துல தமிழ் டீச்சர் முன்னால எம்புள்ள எதுக்கு குறைக்கணும்?

கொக்குவிலான்:
அந்தச் சொல்லுக்கு என்னட்டப் பதில் இல்லை. எங்கட வீட்டில சொன்னவை, சின்னனில நானும் சொல்லியிருக்கிறன், உங்களிட்ட மன்னிப்புக் கேக்கிறன். இன்னொண்டும் இப்பதான் யோசிக்கிறன், பாடப்புத்தகத்தில "பேசினேன்" எண்டு வரும், "கதைச்சனான்" ஒருநாளும் வராது. அப்ப அந்த டீச்சர் பிள்ளையைத் திருத்தினது எழுத்துத் தமிழுக்கு இல்லை, தன்ர ஊருக்கு. ஆனா மகனோட உது, உவன் எண்டு கதைக்கிறதை நான் விடமாட்டன், அதில மாற்றமில்லை.

கொட்டாஞ்சேனை13:
நீங்க எல்லாரும் சொல்றது விளங்குது. ஆனா இன்டைக்கும் பஸ்ல அப்பாட கோல் வந்தா நான் இறங்கிட்டுத்தான் எடுக்கிறேன். என்ட பிள்ளை அப்பிடி இருக்கக்கூடாதுன்டுதான் அப்பிடிச் சொன்னேன்.

ஹட்டன்பொண்ணு:
திங்கக்கெழம டீச்சர பாக்கப் போறேன், பாடப்புத்தகத்தையும் எடுத்துக்கிட்டுத்தான். நேத்து ராத்திரி அம்மா போன் எடுத்தப்ப ஸ்பீக்கர்ல போட்டேன், மக "சாப்பிட்டீங்களா"ன்னு மட்டும் கேட்டுட்டு வாய மூடிக்கிட்டா. புள்ளைக்கு ஒடம்பு சரியில்லையான்னு அம்மா கேட்டாங்க.