உதவி தேவை: புஷ்-ஃபிட் எல்போ கசிகிறது, விடலாமா, கழற்றலாமா?

நெல்லித்தோப்பு_வீடு
வணக்கம், அவசரம். மொட்டைமாடியில் டேங்கிலிருந்து சமையலறைக்கு இறங்கும் அரை அங்குலக் குழாயின் எல்போ விரிசல் விட்டுவிட்டது. பிளம்பர் இதோ வருகிறேன் என்றவர் வரவே இல்லை. அண்ணன் கொண்டுவந்து கொடுத்த புஷ்-ஃபிட் எல்போ வீட்டில் இருந்தது. பசை வேண்டாம், அழுத்தினால் போதும் என்று சொல்லியிருந்தார். விரிசல் விட்டதை அறுத்து எடுத்துவிட்டு அதைச் சொருகினேன். இழுத்துப் பார்த்தேன், அசையவில்லை. ஆனால் காலையில் அதன் அடியில் தரை நனைந்திருக்கிறது, மதியம் காய்ந்துவிடுகிறது. இந்த வகை இணைப்பை நம்பலாமா? நாளை மறுநாள் வீட்டில் வளைகாப்பு.

கருவடிக்குப்பம்
சார், குழாய் எந்த வகை என்று சொல்லவில்லையே. வெள்ளை யுபிவிசி பிளாஸ்டிக்கா, வெளிர்மஞ்சள் சிபிவிசி பிளாஸ்டிக்கா, ஜிஐ எனும் துத்தநாகம் பூசிய இரும்பா? வழியில் பிரஷர் பம்ப் இருக்கிறதா? எல்போவின் மேல் ஏதாவது எண் பொறித்திருக்கிறதா? இவை தெரியாமல் யார் சொன்னாலும் குத்துமதிப்புதான்.

வில்லியனூர்_மாடி
எனக்கு இது வெயிலின் வேலையாகத்தான் தெரிகிறது. சிபிவிசி குழாய் ஒரு டிகிரி சூட்டுக்கு மீட்டருக்கு 0.06 மி.மீ.க்குச் சற்று மேலேயே நீளும். மாடியில் 3 மீட்டர் நேராக ஓடும் குழாய், பகலுக்கும் விடியற்காலைக்கும் 20 டிகிரி வித்தியாசம் என்றால் ஏறக்குறைய 4 மி.மீ. வருகிறது. பகலில் நீண்டு எல்போவுக்குள் அழுந்துகிறது, இரவில் சுருங்கிப் பின்வாங்குகிறது. கிளாம்ப் எங்கெங்கே அடித்திருக்கிறீர்கள்? இரண்டு பக்கமும் இறுக்கிக் கட்டியிருந்தால் இழுப்பு முழுவதும் எல்போவின் மேல்தான் விழும்.

முதுநகர்க்காரன்
பிளாஸ்டிக்கும் வேண்டாம், சொருகலும் வேண்டாம். எங்கள் பக்கம் உப்பனாற்றை ஒட்டிய வீடுகளில் போர் தண்ணீர் உப்பு. புஷ்-ஃபிட்டுக்குள் குழாயைக் கவ்வும் பற்கள் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். உப்பிலுள்ள குளோரைடு அதில் புள்ளி புள்ளியாகக் குழி பறிக்கும். மட்டமான பித்தளையிலிருந்து துத்தநாகத்தைக் கரைத்துவிடும். ஒரு நாள் மொத்தமாகக் கழன்று விழும். மரை போட்ட ஜிஐ குழாயும் சணலும் வெள்ளை ஈயமும் வைத்து என் தாத்தா முடுக்கிய இணைப்பு இன்றும் இருக்கிறது.

கருவடிக்குப்பம்
உப்பு அரிக்கும் என்பது சரி, அதற்கு வருடங்கள் ஆகும். மாட்டிய மறுநாளே சொட்டுவதற்கும் உப்புக்கும் தொடர்பில்லை.

நெல்லித்தோப்பு_வீடு
நான் சார் இல்லை, வளைகாப்பு என் மகளுக்கு. குழாய் வெளிர்மஞ்சள் நிறம். பம்ப் கிடையாது, டேங்க் தண்ணீர்தான். எல்போ மேல் 16 என்று இருக்கிறது. அண்ணன் பிரான்சில் இருக்கிறார், அங்கிருந்து கொண்டுவந்தது.

அளவுகோல்
இந்தத் தகவல் முதலிலேயே வந்திருந்தால் மேலே உள்ள வெயில், உப்பு ஆராய்ச்சி எதுவும் தேவைப்பட்டிருக்காது. இதைப் பலமுறை எழுதியிருக்கிறேன், தேடிப் படிக்கத்தான் ஆளில்லை. புஷ்-ஃபிட் குழாயின் வெளிப்பக்கத்தைப் பிடிப்பது. அதனால் வெளிவிட்டம்தான் கணக்கு, கடையில் கேட்கும் "அரை அங்குலம்" எதற்கும் உதவாது. நம் ஊர் அரை அங்குல சிபிவிசியின் வெளிவிட்டம் 15.9 மி.மீ. அதே அரை அங்குல யுபிவிசிக்கு 21.3 மி.மீ. அமெரிக்க அரை அங்குலச் செம்புக் குழாய் 15.9 என்பதால் ஷார்க்பைட் போன்ற அந்த ஊர் இணைப்புகள் நம் சிபிவிசிக்குச் சரியாகப் பொருந்தும். இங்கிலாந்தில் 15 மி.மீ., அந்த ஊர் இணைப்புக்குள் நம் குழாய் நுழையவே நுழையாது. பிரான்சில் வீட்டுக்குள் ஓடுவது பெரும்பாலும் 16 மி.மீ. பெக்ஸ் எனும் வளையும் பிளாஸ்டிக் குழாய். 16-க்கும் 15.9-க்கும் இடையே 0.1 மி.மீ.தான், அதனால்தான் பற்கள் கவ்விக்கொண்டன. தண்ணீரைத் தடுப்பது பற்கள் இல்லை அம்மா, ரப்பர் ஓ-ரிங். பிடித்து இழுத்துப் பார்ப்பது பற்களுக்கான சோதனை மட்டுமே.

மஞ்சக்குப்பம்_மாடி
அக்கா, ஒன்று பார்த்துச் சொல்லுங்கள். எல்போவின் வாய்க்குள் நடுவில் சின்னக் குழல் போல ஒன்று நீட்டிக்கொண்டிருந்ததா? சொருகும்போது குழாய் எவ்வளவு ஆழம் போயிற்று, அறுத்த முனையைத் தேய்த்தீர்களா?

புதுப்பாளையம்77
வாசலைன் தடவி இன்னொரு முறை நன்றாக அழுத்திப் பாருங்கள். எங்கள் வீட்டில் அப்படித்தான் நின்றது.

அளவுகோல்
வாசலைன் பெட்ரோலியத்திலிருந்து வருவது. இந்த ஓ-ரிங்குகள் பெரும்பாலும் இபிடிஎம் ரப்பர். பெட்ரோலியம் பட்டால் ஊதிப்போய் மென்மையாகிவிடும். சிபிவிசிக்கும் ஆகாது. தெரியாததைச் சொல்லாதீர்கள். தண்ணீர் தொட்டுச் சொருகினாலே போதும், வேண்டுமானால் சிலிகான் கிரீஸ்.

புதுப்பாளையம்77
தெரியாமல் சொல்லவில்லை. எங்கள் வீட்டில் நின்றதைச் சொன்னேன். மரியாதையாகப் பேசலாமே.

முதுநகர்க்காரன்
ரப்பரை நம்பி வீட்டுத் தண்ணீரை ஓடவிடுவதைத்தான் வேண்டாம் என்கிறேன். ஜிஐயில் ரப்பரே கிடையாது.

முத்தியால்பேட்டை_பழைய_வீடு
ஜிஐ புகழ் பாடுகிறவர் எங்கள் வீட்டுக்கு வந்து பார்க்க வேண்டும். போன வருடம் சுவரை உடைத்து எடுத்த முக்கால் அங்குல ஜிஐக்குள் துருவும் உப்பும் படிந்து, நடுவில் பென்சில் நுழையும் அளவுக்குத்தான் வழி இருந்தது. மாடிக் குளியலறையில் தண்ணீர் நூலாக வந்த காரணம் அப்போதுதான் தெரிந்தது. உப்புத் தண்ணீர் ஊரில் பிளாஸ்டிக் வந்தது வரப்பிரசாதம்.

முதுநகர்க்காரன்
அது தண்ணீரின் குற்றம், ஜிஐயின் குற்றமில்லை. முனிசிபல் தண்ணீர் மட்டும் ஓடும் வீடுகளில் என்ன கெட்டுவிட்டது?

முத்தியால்பேட்டை_பழைய_வீடு
புதுச்சேரியில் நல்ல தண்ணீர் என்றாலே முத்திரையர்பாளையத்து ஊற்றைத்தான் சொல்வார்கள். பாரதி பூங்காவில் நிற்கும் ஆயி மண்டபமே அந்தத் தண்ணீர் நகரத்துக்கு வந்ததன் நினைவாக மூன்றாம் நெப்போலியன் காலத்தில் எழுப்பியதுதான். இப்போது கரையோரத்தில் எத்தனை வீடுகளில் போர் போட்டு உறிஞ்சுகிறார்கள்? நன்னீரை எடுக்க எடுக்கக் கடல் நீர் உள்ளே ஏறத்தான் செய்யும். குழாயைக் குறை சொல்லும் முன் இதைப் பேச வேண்டும்.

கருவடிக்குப்பம்
பேசலாம், தனி இழையில். இவர் வீட்டில் விசேஷம்.

நெல்லித்தோப்பு_வீடு
ஆமாம், நடுவில் குழல் இருக்கிறது. குழாய் பாதி போனதும் நின்றுவிட்டது, அதுதான் அதன் ஆழம் என்று நினைத்தேன். ஹேக்சாவில் அறுத்தேன், தேய்க்கவில்லை.

மஞ்சக்குப்பம்_மாடி
நினைத்ததுதான். அக்கா, அந்தக் குழல் 13 மி.மீ. உள்விட்டமுள்ள பெக்ஸ் குழாய்க்குள் போவதற்காகச் செய்தது. நம் சிபிவிசியில் எஸ்டிஆர் 11 என்ற சுவர்த் தடிமன் வகை என்றால் சுவர் 1.7 மி.மீ.க்குக் குறையாது. இரண்டு பக்கமும் கழித்தால் உள்ளே 12.5 மி.மீ.க்கு மேல் இடமில்லை. குழாயின் வாய் குழலின் முனையில் முட்டி நின்றிருக்கிறது. பற்களைத் தாண்டியது, ஓ-ரிங்கை முழுதாகத் தாண்டவில்லை. ஹேக்சாவின் பிசிறு ரப்பரைக் கீறியும் இருக்கலாம். இன்னும் அழுத்தினாலும் போகாது, வாசலைனும் எம்-சீலும் இதற்கு மருந்தில்லை. கழற்றுங்கள்.

டேங்க் தண்ணீர்தானே, அழுத்தம் குறைவுதானே என்று விட்டுவிடவும் முடியாது. 10 மீட்டர் உயரத்துக்குத்தான் சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கிலோ அழுத்தம், உங்கள் மாடியில் அதில் சிறு பங்குதான். ஆனால் ஓ-ரிங் நல்ல அழுத்தத்தில்தான் தன் பள்ளத்தில் நெருக்கி உட்கார்ந்து அடைக்கும். அழுத்தம் குறைந்தால், அளவும் சரியில்லாவிட்டால், ஓரமாகச் சொட்டிக்கொண்டே இருக்கும். மதியம் தரை காய்வது வெயிலால். கசிவு நின்றுவிட்டது என்று அர்த்தமில்லை. அடியில் ஒரு செய்தித்தாளை வைத்துப் பாருங்கள், பகலிலும் நனையும்.

எனக்கு புஷ்-ஃபிட் மேல் கோபமில்லை. அளவு பொருந்தி, முனையை நேராக அறுத்து, பிசிறு நீக்கி, ஆழத்தைப் பேனாவால் குறித்துக்கொண்டு அந்தக் கோடு வரை சொருகினால் நன்றாகவே நிற்கும். நம் வீடுகளில் ஆர்.ஓ. இயந்திரத்தின் கால் அங்குலக் குழாய்கள் எல்லாம் அந்த முறையில்தான் நிற்கின்றன. சுவருக்குள் வைத்துப் பூச மட்டும் நான் ஒப்பமாட்டேன்.

அளவுகோல்
சுவருக்குள் வைக்கலாம் என்று தயாரிப்பாளர்களே அனுமதிக்கும் வகைகள் உண்டு. மற்றபடி சரியாகச் சொல்லியிருக்கிறீர்கள்.

மஞ்சக்குப்பம்_மாடி
அனுமதி உண்டு, தெரியும். சொருகியவரின் கை சரியாக இருந்ததா என்பதைச் சுவருக்குப் பின்னால் யாராலும் பார்க்க முடியாது. அதனால்தான் சொல்கிறேன்.

நெல்லித்தோப்பு_வீடு
பசை போட்டு ஒட்டலாம் என்றுதான் முதலில் பார்த்தேன். கேட் வால்வை மூடினாலும் தண்ணீர் சன்னமாக வந்துகொண்டே இருக்கிறது. ஈரத்தில் ஒட்டாது என்பதால்தான் இதைச் சொருகினேன்.

கருவடிக்குப்பம்
இதுதான் நோயின் மூலம். கேட் வால்வின் தட்டுக்கடியில் உப்பு படிந்தால் முழுதாக மூடாது. பலம் கொடுத்துத் திருகாதீர்கள், தண்டு முறிந்தால் மாடி முழுக்கத் தண்ணீர்தான். டேங்கைத் திறந்து, தண்ணீரை வெளியேறும் வாய்க்குக் கீழே இறக்கிவிடுங்கள். விசேஷத்துக்குத் தண்ணீர் வேண்டும் என்றால், அந்த வாயில் துணி சுற்றிய மரக்கட்டையை உள்ளிருந்து அடையுங்கள். கட்டையில் கயிறு கட்டி வெளியே விட்டால் பிறகு எடுக்கச் சுலபம். கீழே சமையலறைக் குழாயைத் திறந்து லைனை வடித்துவிடுங்கள்.

பிறகு, புஷ்-ஃபிட்டின் வளையத்தை உள்பக்கம் அழுத்திக்கொண்டே குழாயை இழுத்தால் வரும். பற்கள் கீறிய பகுதியை அறுத்துத் தள்ளுங்கள். கடையில் சிபிவிசி எல்போ, கப்ளிங், ஒரு துண்டுக் குழாய், சிபிவிசிக்கான சால்வென்ட் கேளுங்கள். சாதாரண பிவிசி பசை வேண்டாம். முனையைத் தேய்த்து, துணியால் நன்றாகத் துடைத்து, இரண்டு பக்கமும் பசை பூசி, கால் சுற்றுத் திருகிச் சொருகி, அரை நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். கடலோர ஈரக்காற்றில் காய நேரம் பிடிக்கும். இன்று மாலை ஒட்டினால் நாளை மாலை தண்ணீர் விடுங்கள்.

வில்லியனூர்_மாடி
ஒட்டிய பின் மாடிக் குழாய்க்கு வெள்ளை எமல்ஷன் பூசுங்கள். வெயில் நேராகப் பட்டுத்தான் பழைய எல்போ மொரமொரத்து விரிசல் விட்டிருக்கும். கிளாம்பையும் ஒரு பக்கம் தளர்வாக விடுங்கள். நான் சொன்ன 4 மி.மீ. எங்கும் போகவில்லை.

முதுநகர்க்காரன்
ஜிஐ போட்டிருந்தால் வெயிலும் ஒன்றும் செய்திருக்காது.

முத்தியால்பேட்டை_பழைய_வீடு
உப்பு செய்திருக்கும்.

நெல்லித்தோப்பு_வீடு
கட்டை வைத்து அடைத்தோம், பக்கத்து வீட்டுத் தம்பி ஒட்டிக்கொடுத்தார். அடியில் வைத்த செய்தித்தாள் காய்ந்தே இருக்கிறது. எல்லோருக்கும் நன்றி. வீட்டில் ஆட்கள் வந்துவிட்டார்கள்.

கருவடிக்குப்பம்
மகிழ்ச்சி. மகளுக்கு வாழ்த்துகள். அந்தக் கேட் வால்வை மாற்றினீர்களா, இல்லையா? டேங்க் காலியாகும் இன்னொரு நாளில் அதை எடுத்துவிட்டுப் பால் வால்வு (உள்ளே துளையிட்ட உருண்டை திரும்பி மூடுவது) போடுங்கள். மறக்காமல் இங்கே சொல்லுங்கள்.

திருப்பாதிரிப்புலியூர்_புதியவர்
இழையைப் படித்தேன், எனக்கும் இதே சந்தேகம். அமெரிக்காவிலிருந்து வந்த முக்கால் அங்குல புஷ்-ஃபிட் கப்ளிங் வைத்திருக்கிறேன், குழாயும் முக்கால் அங்குலம்தான். பொருந்துமா?

அளவுகோல்
குழாய் எது என்று சொல்லுங்கள். சிபிவிசி என்றால் வெளிவிட்டம் 22.2 மி.மீ., பொருந்தும். யுபிவிசி என்றால் 26.7, பொருந்தாது. வெர்னியரால் அளந்துவிட்டு எழுதுங்கள்.