பறக்காத பறவையின் இறக்கைக்கு என்ன பெயர்?

ஐயா, வணக்கம். நம் அகராதிக்குப் பறவைச் சொற்கள் தேடுகையில் நீங்கள் எழுதியதற்கு என் பதில் இது.

> பறக்காத பறவைகளின் இறக்கைக்கு ‘எச்ச இறக்கை’ என்றே வைத்துவிடலாம். பயனற்றுப் போன உறுப்புதானே?

பயனற்றது என்பதைத்தான் ஏற்க முடியவில்லை. அவற்றின் முன்னோர் பறந்தவை. இரைகொல்லிகள் இல்லாத தீவில் பறக்கும் தசையை வளர்த்துக் காப்பது வீண் செலவு, அதனால் தலைமுறை தலைமுறையாகச் சுருங்கியது. ஆனால் வேறு வேலை கிடைத்த இறக்கை அந்த வேலைக்கென நிலைத்துவிட்டது.

நெருப்புக்கோழி ஓட்டத்தில் சட்டென்று திரும்பும்போது இறக்கையை விரித்துத்தான் நிலைகொள்கிறது. குஞ்சுக்கு நிழல் தருவதும், பெட்டையின் முன்னால் சேவல் விரித்து ஆட்டுவதும் அதே இறக்கைதான். நியூசிலாந்தின் ககாப்போ கிளி மரமேறும். கீழே குதிக்கையில் இறக்கையை விரித்து வேகத்தைத் தணித்துக்கொள்ளும். கலாபகோஸ் தீவின் நீர்க்காகத்துக்கு, பறக்கத் தேவையான அளவில் மூன்றில் ஒரு பங்கு இறக்கைதான் உண்டு. காலால் உந்தி நீந்தி மீன் பிடிக்கிறது. கரையேறியதும், ராமேசுவரத்தை அடுத்த மண்டபம் ஊர்ப் பக்கம் கம்பில் உட்கார்ந்திருக்கும் நம் நீர்க்காகம் மாதிரியே இரண்டையும் விரித்து உலர்த்துகிறது.

‘எச்சம்’ நியூசிலாந்தின் கிவிப் பறவைக்கு வேண்டுமானால் பொருந்தும். மயிர் போன்ற இறகுக்குள் மறைந்த குட்டி இறக்கை, நுனியில் ஒரு நகம், அவ்வளவுதான். அதே நாட்டில் வாழ்ந்து அழிந்துபோன மோவாப் பறவைக்கு அதுவும் கிடையாது. ஆகவே பொதுப்பெயராகப் ‘பறவா இறக்கை’ போதும் என்பது என் கருத்து.

பென்குயினுக்குத் தனிச்சொல் வேண்டும். அதன் இறக்கை எலும்புகள் தட்டையாகி, முழங்கை மடங்காமல் விறைத்திருக்கும். கீழே அடிக்கும்போதும் மேலே தூக்கும்போதும் நீரைத் தள்ளி முன்னேறும். ‘துடுப்பிறக்கை’ என்கிறேன்.

> மீனின் துடுப்போடு குழம்பாதா?

குழம்பாது. ‘இறக்கை’ சேர்ந்தே வருகிறதே.

அப்புறம், மார்பெலும்பின் நடுவே புடைத்து நிற்கும் தகடு. பறக்கும் தசை பற்றிக்கொள்ளும் இடம் அதுதான். இதை ஆங்கிலத்தில் உள்ளபடி ‘கீல்’ (keel) என்று அப்படியே எழுதுவது எனக்குப் பிடிக்கவில்லை. வள்ளம் கட்டும்போது அடியில் நீளவாக்கில் கிடத்தும் முதுகுமரத்துக்கு ‘ஏரா’ என்ற சொல் இருக்கிறது. கரையில் ஏற்றிச் சாய்த்துப் போட்ட வள்ளத்தின் அடிவயிற்றைப் பார்த்தால் இந்த எலும்பின் வடிவம் அப்படியே தெரியும். ஆகவே ‘மார்பு ஏரா’. நீருக்குள் இறக்கையடிக்கும் பென்குயினுக்கு இது உண்டு. நெருப்புக்கோழி, ஈமு, கிவிக்கு இல்லை. அந்தக் கூட்டத்தின் அறிவியல் பெயரே (ராட்டைட், ratite) தெப்பத்தைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. தெப்பத்துக்கு ஏது ஏரா? சரி, அவற்றை ‘ஏராவிலிப் பறவைகள்’ எனலாம்.

தூத்துக்குடி, நாகைப் பக்கத்து நண்பர்கள் அந்த முதுகுமரத்துக்கு வேறு சொல் வழங்கினால் எழுதுங்கள். அதையும் பார்த்துவிட்டு அகராதியில் சேர்ப்போம்.