புதுப்பிப்பு: புது டயர் மாட்டியபின் பின்சக்கரம் குதித்தது, இப்போது சரியாகிவிட்டது

சைக்கிளுக்குப் புது டயர் மாட்டியதிலிருந்து பின்சக்கரம் சுற்றுக்கொரு முறை குதிக்கிறது, டியூபும் அடிக்கடி பஞ்சர் ஆகிறது என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் ரொம்ப நன்றி, இரண்டும் தீர்ந்துவிட்டன.

ரிம் கோணல் இல்லை. டயரில் ரிம்மை ஒட்டி ஓடும் மெல்லிய கோட்டைப் பார்க்கச் சொன்னாரே ஒருவர், அவர் சொன்னதுதான் சரி: ஒரே ஒரு இடத்தில் அந்தக் கோடு ரிம்முக்குள் மறைந்திருந்தது, அதாவது டயரின் ஓரம் அங்கே மேலேறி உட்காரவில்லை. காற்றை இறக்கி, அந்த இடத்தில் சோப்புத் தண்ணீர் தடவி, டயரில் அச்சிட்டிருக்கும் உச்ச அளவைத் தாண்டாமல் மெதுவாகக் காற்றடித்ததும் டப்பென்று ஒரு சத்தம், கோடு சுற்றிலும் சீராக வந்துவிட்டது.

எதிர்பாராதது பஞ்சர்தான். வேலூர் சத்துவாச்சாரி சர்வீஸ் ரோட்டில் கிடக்கும் கம்பித் துண்டாக இருக்கும் என்று பலரும் சொன்னீர்கள், ஆனால் ஓட்டை இருந்தது டியூபின் உள்பக்கம், ரிம்மைப் பார்த்த பக்கம். ரிம் டேப் (ரிம்மின் உள்ளே ஸ்போக் துளைகளை மூடும் பட்டை) ஒதுங்கி ஒரு ஸ்போக் துளை திறந்து கிடந்தது, அதன் விளிம்பு டியூபை அறுத்திருக்கிறது. புது டேப் போட்டேன், அப்புறம் காட்பாடி வரை போய் வந்தும் பஞ்சர் இல்லை. டேப் வாங்கும்போது ரிம்மின் உள் அகலத்தை அளந்து வாங்குங்கள், குறுகலாக இருந்தால் மறுபடியும் ஒதுங்கும்.