புதுப்பிப்பு: ஏற்காடு காப்பித்தூளும் தேடல் சொற்களின் போட்டியும்

சேர்வராயன் மலையில் விளையும் எங்கள் காப்பியை விற்கும் இணையதளத்துக்காக, மக்கள் கூகுளில் தேடும் சொற்களைத் தேர்ந்தெடுக்கும்போது, ஒரே சொல்லுக்கு இரண்டு கருவிகள் இருவேறு போட்டி அளவைக் காட்டுவது ஏன் என்று சென்ற மாதம் கேட்டிருந்தேன். காரணம் இப்போது விளங்கிவிட்டது. விளம்பரம் தருவோர் சொற்களைத் தேர்ந்தெடுக்க உதவும் கருவியான கூகுள் கீவேர்டு பிளானர் காட்டும் ‘போட்டி’ விளம்பரதாரர்களுக்கு இடையிலானது. விளம்பரமல்லாத இயல்பான தேடல் முடிவுகளில் முன்னே வருவது எவ்வளவு கடினம் என்பதை அது அளப்பதில்லை. இதை அறியாமல், ‘அதிகம்’ என்று வந்த நல்ல சொற்களையெல்லாம் நான் ஒதுக்கிவிட்டது இன்னும் வருத்தமாக இருக்கிறது. தேடல் சொற்களை ஆராய உதவும் ஏஹெச்ரெஃப்ஸ் கருவியோ, முதல் 10 முடிவுகளுக்கு எத்தனை வெவ்வேறு தளங்கள் இணைப்புக் கொடுத்துள்ளன என்பதைக் கொண்டு, அந்த முடிவுகளுக்குள் இடம்பிடிப்பது எவ்வளவு கடினம் என்று 0 முதல் 100 வரை மதிப்பிடுகிறது. ஆகவே இப்போது ஒரே கருவிக்குள் மட்டும் சொற்களை ஒப்பிட்டு, அதன்பின் முதல் பக்கத்தை நேரில் திறந்து படிக்கிறேன். ‘ஏற்காடு காப்பி’ என்று தேடினால் சுற்றுலாப் பக்கங்களும் கலந்து வருவதை எந்த எண்ணும் எனக்குச் சொல்லவில்லை.